இருபது மில்லி ரத்தம்

என் இடது கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுத்தார்கள். ஒரு மெஷினில் வைத்துச் சுற்றினார்கள். சிவப்பு அடியில் தங்கியது. புளித்த கஞ்சியில் சோறு கீழே போய் மேலே தெளிவு நிற்குமே, அது மாதிரி வெளுத்த மஞ்சளாக ஒரு நீர் மேலே நின்றது. அந்த நீரை மட்டும் பிரித்து மறுபடியும் சுற்றினார்கள். அடியில் சேர்ந்ததில் ஒரு மில்லி அளவு எடுத்து, மெல்லிய குழாய் வழியாக என் கர்ப்பப்பைக்குள்ளேயே விட்டார்கள். 2023ஆம் வருடம், ஆடி மாதம். 'உங்க ரத்தமேதாம்மா உங்களுக்கு மருந்து' என்றார் டாக்டரம்மா. காலை அகட்டிப் படுத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலிக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் சிரித்தேன் என்று அங்கே சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் விழுப்புரம் பக்கத்துச் சேரியில் 1984இல் பிறந்தவள். அப்பா செங்கல் சூளைக்குப் போனார். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போனாள். நான் பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இவர் மின்வாரியத்தில் வேலை. 2011இல் கல்யாணம்.

முதலில் என் தம்பி ரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஓ நெகட்டிவ். சீக்கிரம் கிடைக்காத குரூப். 2008இல் ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டு மருமகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், அந்த குரூப் வேண்டுமென்று தேடினார்கள். கல்லூரியில் ரத்ததானம் செய்தவர்கள் பட்டியலில் தம்பி பேர் இருந்தது. ராத்திரி 11 மணிக்கு பைக் எடுத்துக்கொண்டு சேரிக்குள் வந்தார்கள். அந்த வீட்டு ஆட்கள் எங்கள் தெருவுக்குள் வந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தம்பி போய்க் கொடுத்துவிட்டு வந்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பத்து நாள் கழித்து அந்த வீட்டுப் பெரியவர் வந்தார். வாசலிலேயே நின்று 500 ரூபாயை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. 'வந்தது வந்தீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்று சொம்பை நீட்டினாள். இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன் என்றார். போகும்போது தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, 'இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காத தம்பி' என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மருமகள் உடம்பில் ஓடியது எங்கள் ரத்தம். எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் அவர் தொண்டையில் இறங்கவில்லை.

டாக்டரம்மா ரத்தம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது இந்த சொம்புதான்.

இன்னொரு ஞாபகமும் உண்டு. அது என் தாத்தாவைப் பற்றியது. 1976, எமர்ஜென்சி காலம். 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுக்க ஏறத்தாழ 83 லட்சம் பேருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். மேலேயிருந்து எண்ணிக்கை கேட்டால் கீழே இருக்கிறவன் யாரைப் பிடிப்பான்? எங்கள் ஊரில் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் நேரே சேரிக்குத்தான் வந்தார்கள். ஏரி வேலையில் இருந்த தாத்தாவையும் இன்னும் ஆறு பேரையும் வண்டியில் ஏற்றிப் போனார்கள். சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் வாளியோடும் கொஞ்சம் பணத்தோடும் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த வாளியை நான் பார்த்திருக்கிறேன். பச்சைக் கலர். ஆயா அதில் வெகுநாள் மாட்டுக்குத் தவிடு கலக்கினாள். அம்மா கதையும் ஏறக்குறைய அதுதான். 1987இல் தம்பி பிறந்த மறுநாளே 'ரெண்டு போதும்ல' என்று நர்சம்மா கேட்டிருக்கிறாள். அம்மா பதில் சொல்வதற்குள் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு இன்னொரு பெண் குழந்தை வேண்டுமென்று ஆசை இருந்ததாம். இதை அவள் எனக்குச் சொன்னது 2020இல், என் இரண்டாவது தோல்விக்குப் பிறகுதான்.

அந்த ராத்திரி ஆயாவும் கூட இருந்தாள். நான் கட்டிய பணத்தின் கணக்கைக் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: 'எங்களுக்கு அறுத்து வுடுறதுக்குக் காசு குடுத்தானுங்க. ஒனக்கு ஒட்ட வெக்கிறதுக்குக் காசு புடுங்குறானுங்க.'

ஆயா சொன்னதைவிடத் தெளிவாக ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் பழி முழுவதையும் வெளியே தள்ளிவிட்டு நம் தெருவைத் தப்பிக்க விட நான் தயாராக இல்லை. கல்யாணமாகி மூன்று வருடம் ஆனதும் பேச்சு ஆரம்பித்தது. நாத்தனார் வளைகாப்பில் எல்லோரும் வளையல் போடும்போது நானும் எழுந்தேன். மாமியார் என் முழங்கையைப் பிடித்து, 'நீ அடுப்பப் பாரு கண்ணு' என்றார். குரல் உயர்த்தவில்லை. கண்ணு என்றுதான் சொன்னார். டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தவனை எதிர்த்துப் போய் நின்ற தெரு எங்கள் தெரு. அதே தெருவில் பிள்ளை இல்லாதவள் கை பட்டால் ஆகாது. ஊர்க்காரன் நமக்குச் செய்கிறதை நாம் யாருக்குச் செய்கிறோம் என்று நம் கூட்டங்களில் பேசுவோமா? நான் பார்த்தவரை பேசியதில்லை.

இவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. நல்ல மனிதர், அடித்ததில்லை, குடிப்பதில்லை. ஆனாலும் 'எனக்கு எதுக்கு டெஸ்ட்டு' என்றார். பிள்ளை நிற்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. இது டாக்டர்களுக்கெல்லாம் தெரிந்த பழைய செய்தி. நான்கு வருடம் நான் மட்டும் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் போனார். எண்ணிக்கை குறைவு என்று வந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினார். நானும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை வருவதற்கு முன்பு அவரிடம் படித்துக் காட்டிவிட்டேன். 'போடு' என்றார்.

சிகிச்சை நடந்த இடம் ஒரு தனியார் மையம். அதிகம் சொல்லப் போவதில்லை. ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, மயக்கம் கொடுத்து எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, உள்ளே வைப்பார்கள். 2019இல் 2 கருக்கள் வைத்தார்கள், நிற்கவில்லை. 2020 பிப்ரவரியில் உறைய வைத்திருந்த 2 வைத்தார்கள், நிற்கவில்லை. பிறகு கொரோனா. 2022இல் மறுபடி முதலிலிருந்து. முட்டை எடுத்து 5 கரு தேறியது. 2 வைத்தார்கள். அதுவும் நிற்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்தேன், தாலிச் சங்கிலியை வைத்தேன். எண்ணெயில் கலந்த புரோஜெஸ்டிரான் ஊசி போட்டுப் போட்டு இடுப்புக்குக் கீழே கட்டி கட்டியாக இறுகிப்போய், வகுப்பில் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். சுறுசுறுப்பான டீச்சர் என்று தலைமையாசிரியர் பாராட்டினார்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு கவுன்சலிங் என்று ஒரு அறைக்கு அனுப்பினார்கள். இருபத்தைந்து வயதுப் பெண். 'டோனர் முட்டைக்குப் போனா சான்ஸ் ஜாஸ்தி மேடம்' என்றாள். 'பொதுவா அவங்கவங்க கம்யூனிட்டியிலயே கேப்பாங்க. நாங்களும் பாத்துக் குடுப்போம்.' பிறகு என் ஃபைலைப் புரட்டினாள். அதில் ரத்த குரூப்புக்குப் பக்கத்திலேயே கம்யூனிட்டி என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் நாளே நான் நிரப்பிக் கொடுத்தது. அதைப் பார்த்ததும் அவள் குரல் தாழ்ந்தது. 'உங்களுக்கு வேணும்னா, வேற நல்ல கம்யூனிட்டியாவே பாத்துக்கலாம் மேடம். கலரும் கொஞ்சம் நல்லா வரும். யாருக்குத் தெரியப் போவுது?'

அவள் கெட்ட பெண் இல்லை. எனக்கு ஒரு உதவி செய்வதாகவே நினைத்தாள். இலவச இணைப்பு மாதிரி. பணம் கட்டினால் பிள்ளையும் கிடைக்கும், பிறப்பிலிருந்தும் தப்பிக்கலாம். நான் எழுந்து வந்துவிட்டேன். ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. இருபது வருடமாக மேடையில் பேசுகிறவள், அந்த அறையில் வாய் வரவில்லை.

முட்டை தருகிற பெண் யார் என்று நாம் யோசிக்கிறோமா? 2021ஆம் வருடத்து இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், 23 வயதிலிருந்து 35 வயது வரை உள்ள பெண்தான் தரலாம், வாழ்நாளில் ஒரு தடவைதான் தரலாம், 7 முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறது. சட்டம் வந்த மறு வருடமே, 2022இல், ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணின் கருமுட்டைகளைத் திரும்பத் திரும்ப எடுத்து விற்ற வழக்கு வெளியே வந்தது. ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். பெற்ற தாயே கைதானாள். அந்தச் செய்தி வந்த பேப்பரை ஆசிரியர் அறையில் வைத்து எல்லோரும் 'ச்சே, என்ன அம்மா' என்றார்கள். அந்த முட்டைகளை வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கூடத்தான். அப்போது எனக்கு ஊசி நடந்துகொண்டிருந்தது.

டோனர் வேண்டாம் என்றதும் அவர்கள் சொன்னதுதான் பி.ஆர்.பி. பிளேட்லெட் அடர்த்தியாக உள்ள பிளாஸ்மா. டெங்கு வந்தால் 'பிளேட்லெட் எறங்கிடுச்சி' என்று பயப்படுகிறோமே, அதே பிளேட்லெட்தான். காயம் பட்ட இடத்தில் முதலில் போய்ச் சேர்ந்து ரத்தத்தை உறைய வைக்கும். திசு வளரத் தூண்டுகிற சில பொருட்களையும் சுரக்கும். மூட்டுவலிக்கும், பல் வைத்தியத்துக்கும், முடி கொட்டுவதற்கும் முன்பே இதைச் செய்துவந்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் மெலிந்திருந்தால் கரு ஒட்டாது, இதை உள்ளே விட்டால் சுவர் தடிக்கும், கருவை ஏற்கும் என்பது எண்ணம். எனக்கு மாத்திரை எத்தனை போட்டும் 6.2 மில்லிமீட்டர்தான் வந்தது. 7ஆவது இருக்க வேண்டும் என்றார்கள். கரு வைக்கிறதற்கு இரண்டு நாள் முன்பு இதைச் செய்வார்கள். 18,000 ரூபாய். ஆடித் தள்ளுபடி என்று 2,000 கழித்தார்கள். துணிக்கடை தோற்றது. ஆடியில் நல்ல காரியம் கூடாது என்று மாமியார் ஒரு பக்கம்.

நான் கணக்கு டீச்சர். 'நல்ல ரிசல்ட் இருக்கு மேடம்' என்று சொன்னவரிடம் கேட்டேன்: எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது? இதே மாதிரி இருந்து இதைச் செய்துகொள்ளாதவர்களில் எத்தனை பேருக்குப் பிறந்தது? மூன்றாவது கேள்வி அவருக்கு விளங்கவேயில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும். பத்துப் பேரில் மூன்று பேருக்கு நின்றது என்றால் பெரிதாகத் தெரியும். செய்யாத பத்துப் பேரிலும் மூன்று பேருக்கு நின்றிருந்தால் அந்த 18,000 எதற்கு? இன்னொன்று, ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தாலே 'சக்சஸ்' என்று எழுதிக்கொள்கிறார்கள். கையில் பிள்ளை வந்ததா என்பதல்லவா கணக்கு.

இவரோடு வேலை செய்கிறவரின் மகள் மருத்துவம் படிக்கிறாள். அவளை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். கர்ப்பப்பைக்கு இதை விட்டுப் பார்த்ததாக 2015இல் சீன டாக்டர்கள் எழுதியது 5 பெண்களை வைத்து. ஐந்து பேரை வைத்து என் மாணவன் சராசரி போட்டுக்கொண்டு வந்தால் நான் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். பிறகு ஈரானிலும் மற்ற நாடுகளிலும், திரும்பத் திரும்பக் கரு ஒட்டாமல் போன பெண்களுக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலதில் பலன் தெரிகிறது, சிலதில் தெரியவில்லை. பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். எவ்வளவு ரத்தம் எடுப்பது, எத்தனை வேகத்தில் சுற்றுவது என்பதே இடத்துக்கு இடம் வேறு. அந்தப் பிள்ளை இன்னொன்றும் சொன்னாள். கரு ஒட்டாமல் போவதற்குப் பெரிய காரணம் பல நேரம் கருவிலேயே இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் அழகாகத் தெரிகிற கருவுக்குள் குரோமோசோம் எண்ணிக்கை தப்பாக இருக்கும். பெண்ணுக்கு வயது ஏற ஏற அது அதிகமாகும். அப்படிப்பட்ட கருவை எந்தச் சுவரும் பிடித்து வைக்காது.

இதைக் கேட்டபோது நான் அழுதேன். மூன்று தடவையும் எனக்குச் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்: 'உங்க கர்ப்பப்பை ஏத்துக்கல.' தெரு சொன்னதும் அதுதான், இங்கிலீஷ் மருந்துக்கடையும் சொன்னதும் அதுதான். மலடி என்ற ஒரு வார்த்தையைப் பணம் கட்டி மூன்று வார்த்தையாக வாங்கியிருக்கிறேன்.

மறுபடி போய்க் கேட்டேன். இந்தத் தடவை ஒரு இளம் டாக்டர் இருந்தார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: 'உறுதியா சொல்ல முடியாது மேடம். சிலருக்கு உதவலாம். உங்க சொந்த ரத்தங்கிறதால பெரிய கெடுதி வராது. காசு போகும்.' நான் அந்த இடத்தில் கேட்ட முதல் நேரான பதில் அது. சொல்லப்போனால் அது அவர் பெருந்தன்மை இல்லை. என்னென்ன விளைவு, வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று தம்பதிகளுக்கு எடுத்துச் சொல்வது சிகிச்சை நிலையத்தின் கடமை என்று அதே 2021 சட்டம் சொல்கிறது. கேட்டுப் பெற வேண்டியதாக இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். ஏமாந்தேன் என்று சொல்ல மாட்டேன். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது பேருந்தா லாரியா என்று பார்க்காமல் கை காட்டுகிற நிலைமையில் இருந்தேன்.

சுவர் 7.1 ஆனது. 2 கரு வைத்தார்கள். பதினான்காம் நாள் ரத்தம் எடுத்தார்கள். பீட்டா எச்சிஜி 38 என்று வந்தது. பாசிட்டிவ். நான்கு தடவையில் முதல் தடவை. இவர் மின்கம்பத்தடியில் நின்றுகொண்டே போனில் அழுதார். இரண்டு நாளில் அது ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். 14 வந்தது. அப்புறம் ரத்தம் போனது. அந்த இரண்டு நாளும் நான் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறவில்லை. ஒரு பிள்ளை என் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. இந்த இரண்டு நாளும் அவர்கள் பதிவேட்டில் எந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இயக்கத் தோழர் ஒருவர் கேட்டார்: 'பெண்ணுன்னா பிள்ளை பெத்தாகணுங்கிறது ஆணாதிக்கக் கருத்தியல்தானே தோழர்? இவ்வளவு பணத்த வெச்சி பத்துப் பிள்ளைங்கள படிக்க வெச்சிருக்கலாமே?' அவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கின்றன. அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. தத்து எடுக்கலாமே என்கிறார்கள். பதிவு செய்திருக்கிறோம். வரிசை வருடக்கணக்கில் நீள்கிறது. பாபாசாகேபுக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். சின்ன வயதில் மேடையில் இதைத் தியாகக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது ரமாபாயை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். நான்கு பிள்ளைகளைக் கொடுத்தவளிடம் போய் யாராவது இது கருத்தியல் என்று சொல்லியிருப்பார்களா? எனக்கு வம்சம் வேண்டாம். கொள்ளி போட ஆள் வேண்டாம். ஒரு பிள்ளையை வளர்க்க ஆசை. ஆசைப்படுவதற்கு நான் யாருக்கும் விண்ணப்பம் போடுவதாக இல்லை.

ஒரு கரு மிச்சம் இருக்கிறது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில். பத்து வருடம் வரை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வருடா வருடம் வாடகை கட்ட வேண்டும். வைக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கவில்லை. இவர் போதும் என்கிறார். நான் ஒரு நாள் போதும் என்கிறேன், மறுநாள் இல்லை என்கிறேன்.

போன தடவை வாடகை கட்டப் போனபோது ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். இதுவரை எத்தனை பெண்களுக்கு பி.ஆர்.பி. செய்தீர்கள், அதில் எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறந்தன, செய்யாதவர்களுக்கு எத்தனை, எழுத்தில் வேண்டும். கடைசியில் இன்னொரு வரி: உங்கள் படிவத்தில் கம்யூனிட்டி என்கிற கட்டம் எந்த மருத்துவக் காரணத்துக்காக இருக்கிறது. ரிசப்ஷன் பெண் வாங்கி வைத்துக்கொண்டாள். நகலில் சீல் போட்டுக் கொடு என்றேன். அப்படியெல்லாம் இங்கே பழக்கம் இல்லை மேடம் என்றாள். அம்மாவோடு மனைப்பட்டாவுக்குத் தாலுகா ஆபீசில் அலைந்த பழக்கம் எனக்கு உண்டு. சீல் இல்லாமல் மனு கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்று. போட்டுக் கொடுத்தால்தான் போவேன் என்று அங்கே வரிசையாகக் காத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த பெண், 'என்னக்கா எழுதிக் குடுத்திருக்கீங்க?' என்று மெதுவாகக் கேட்டாள். நகலைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து சீல் போட்டார்கள்.